பாண்டுரங்க கான்கோஜே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதர் கட்சியைப் பற்றிப் பேசினாலும் சரி, வேளாண் வரலாறு பற்றிப் பேசினாலும் சரி, பாண்டுரங்க சதாசிவ கான்கோஜேயின் பெயரைச் சொன்னதும் கேள்விகள் வந்து குவிகின்றன. துப்பாக்கிப் பயிற்சி எடுத்த புரட்சிக்காரர் பிறகு மெக்சிகோவில் மக்காச்சோள ஆராய்ச்சியாளர் ஆனார் என்றால் யாருக்கும் நம்பச் சற்று நேரம் ஆகத்தான் செய்யும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இவர்? சுருக்கமா முதல்ல சொல்லிடுங்க.

1884இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் வார்தாவில் பிறந்தவர். அப்பா மனு எழுதிக் கொடுப்பவர். வார்தாவிலும் நாக்பூரிலும் படித்தார், திலகரின் அரசியலில் ஈர்ப்பு கொண்டார், இருபது வயதைத் தாண்டியதும் நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் வேளாண்மை படித்துக்கொண்டே கதர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். முதல் உலகப் போரின்போது ஈரானில் பிரிட்டிஷாருக்கு எதிராக இயங்கினார். போருக்குப் பின் ஜெர்மனி, ரஷ்யா. 1924இல் மெக்சிகோ. அங்கே வேளாண் பேராசிரியராகவும் பயிர் ஆராய்ச்சியாளராகவும் முப்பது ஆண்டு. 1955இல் நாக்பூர் திரும்பினார், 1967 ஜனவரி 22 அன்று காலமானார்.

கதர் கட்சின்னா காந்தியோட கதர்த்துணி இயக்கமா?

இல்லை. தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் குழப்பம் இது. இங்கே கதர் என்பது கலகம் என்று பொருள்படும் உருதுச் சொல். 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த இந்தியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். சோகன் சிங் பக்னா தலைவர், லாலா ஹர் தயாள் செயலாளர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘கதர்’ பத்திரிகையின் முதல் இதழ் உருதுவில் வந்தது, பின்னாலேயே குர்முகியிலும் வந்தது. பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் விவசாயிகள். ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் மர அறுவை ஆலைகளிலும் ரயில் பாதைகளிலும் கூலி வேலை பார்த்தவர்கள். 1907இல் பெல்லிங்ஹாம் ஊரில் வெள்ளையர் கும்பல் இந்தியத் தொழிலாளர்களை அடித்து விரட்டியபோது அவர்களுக்காகப் பேச ஒரு அரசு இல்லை. அடிமை நாட்டுக்காரனுக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது என்பதை அவர்கள் உடம்பால் தெரிந்துகொண்டார்கள். கதர் இதழில் வந்த ஒரு விளம்பரம் அவர்கள் மனநிலையை அப்படியே காட்டும். தேவை வீரர்கள், சம்பளம் மரணம், பரிசு வீரமரணம், ஓய்வூதியம் விடுதலை, களம் இந்தியா. படிக்கும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

இவர் அமெரிக்கா போனது படிக்கவா, புரட்சி பண்ணவா?

இரண்டுக்கும்தான். ரஷ்யாவை ஜப்பான் 1905இல் தோற்கடித்த செய்தி அன்றைய இந்திய இளைஞர்களைக் கிளர்ந்தெழச் செய்திருந்தது. கான்கோஜேயும் முதலில் ஜப்பான் போய், அங்கிருந்து அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் ஒரு ராணுவப் பயிற்சிக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார், கூடவே வேளாண்மையும் படித்தார். 1913இல் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரி இருந்த புல்மன் ஊரைச் சுற்றிலும் கோதுமை வயல்கள்தான்.

ஏன் வேளாண்மை என்று கேட்பவர்களுக்கு நான் பஞ்சத்தைக் காட்டுவேன். 1896–97, 1899–1900 ஆகிய இரண்டு பெரும் பஞ்சங்களும் மத்திய மாகாணத்தைப் பிழிந்து எடுத்தன. வார்தாவும் நாக்பூரும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. முதல் பஞ்சத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டு, இரண்டாவது வந்தபோது பதினைந்து. பிள்ளைப் பருவத்தில் பட்டினிச் சாவுகளுக்கு நடுவே வளர்ந்தவர் விதை, மண், தண்ணீர் பற்றிப் படிக்கப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கட்சியில இவர் வேலை என்ன? எழுதுற ஆளா, சண்டை போடுற ஆளா?

சண்டைப் பக்கம். கட்சிக்குள் பத்திரிகை, பிரசாரம் ஒரு பிரிவு, ஆயுதப் பயிற்சியும் நேரடி நடவடிக்கையும் இன்னொரு பிரிவு. இரண்டாவதில் முன்னணியில் நின்றவர் கான்கோஜே. அவருடன் நெருக்கமாக இயங்கிய இன்னொரு மராத்தி இளைஞர் விஷ்ணு கணேஷ் பிங்களே.

1915ல கதர் புரட்சி தோத்தப்போ இவர் எப்படித் தப்பிச்சார்?

அப்போது அவர் இந்தியாவில் இல்லை. போர் தொடங்கியதும் கதர் வீரர்கள் கப்பல் கப்பலாக இந்தியா வந்தார்கள். 1915 பிப்ரவரி 21 அன்று படைமுகாம்களில் கலகத்தைத் தொடங்குவது திட்டம். உளவாளி ஒருவன் உள்ளே இருப்பது தெரிந்து தேதியை 19க்கு மாற்றினார்கள், அதுவும் கசிந்துவிட்டது. பிங்களே மீரட் படைமுகாமில் குண்டுகளுடன் பிடிபட்டார். அவரையும் பத்தொன்பது வயது கர்தார் சிங் சராபாவையும் வேறு சிலரையும் 1915 நவம்பர் 16 அன்று லாகூர் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

கான்கோஜேக்கு ஒதுக்கப்பட்ட களம் மேற்காசியா. துருக்கி வழியாக ஈரானுக்குள் போய், பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் பிரசாரம் செய்வது, உள்ளூர் இனக்குழுக்களைச் சேர்த்துக்கொண்டு பலுசிஸ்தான் பக்கமாக இந்தியாவை நெருங்குவது என்பது ஏற்பாடு. தெற்கு ஈரானில் சண்டை, பிடிபடல், தப்பித்தல் என்று போர்க்காலம் கழிந்தது. பிங்களே போன பாதையில் இவர் போயிருந்தால் அதே தூக்குமேடைதான். இதைச் சொல்லும்போது சிலர் “அப்போ ஓடி ஒளிஞ்சிட்டாரா” என்று கேட்கிறார்கள். பாலைவனத்தில் உயிரைப் பணயம் வைத்தவரைப் பார்த்து அப்படிக் கேட்பது நியாயமே இல்லை.

நம்ம தமிழ்நாட்டுக்காரங்க யாராவது இந்த வட்டத்துல இருந்தாங்களா?

இருந்தார்கள். சென்னைக்காரரான எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையோடு தொடர்புடையவர். ஐரோப்பா போய், பெர்லினில் இருந்த இந்திய விடுதலைக் குழுவில் இயங்கி, போர்க்காலத்தில் மேற்காசியப் பணிக்கும் அனுப்பப்பட்டவர். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் பிள்ளை அதே பெர்லின் குழுவின் முக்கியமான ஆள். கதர் கட்சியிலேயே சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தரிசி செஞ்சையா இருந்தார், அவர் தெலுங்கர். இந்த மூவரின் வாழ்க்கையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியவை.

இவர் கம்யூனிஸ்டா?

பலர் அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1921இல் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா தலைமையில் பெர்லினிலிருந்து மாஸ்கோ போன இந்தியக் குழுவில் கான்கோஜேயும் இருந்தார். விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தாவும் அதில் இருந்தார். ரஷ்யாவின் உதவி யார் வழியாக இந்தியாவுக்குப் போவது என்பதில் இந்தக் குழுவுக்கும் இந்தியக் கம்யூனிஸ்ட் தலைவர் எம்.என். ராய்க்கும் ஒத்துப்போகவில்லை. குழு கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

கான்கோஜேயைக் கட்சிக்காரர் என்று சொல்வதைவிட உழவர் பக்கம் நின்றவர் என்பதே சரி என்று எனக்குப் படுகிறது. மெக்சிகோவில் அவருடைய நண்பர்களில் கம்யூனிஸ்ட்கள் நிறைய. ஆனால் அவர் வாழ்நாளைக் கொடுத்தது வயலுக்கும் வகுப்பறைக்கும்.

உலகத்துல இத்தனை நாடு இருக்க, ஏன் மெக்சிகோ?

அமெரிக்காவில் படித்த காலத்திலேயே அவருக்கு மெக்சிகோக்காரர்களின் பழக்கம் உண்டு. 1910இல் அங்கே வெடித்த புரட்சி, நிலமில்லாத உழவர்களைக் களத்துக்குக் கொண்டுவந்த புரட்சி. இந்தியாவிலும் இப்படி நடக்காதா என்று ஏங்கியவருக்கு அது பெரிய ஈர்ப்பு. 1920களில் இந்தியாவுக்குத் திரும்பினால் சிறை, அமெரிக்காவில் கதர்காரர்கள் மீது ஏற்கெனவே வழக்கு நடந்து முடிந்திருந்தது, ஐரோப்பாவில் பிழைக்க வழியில்லை. பழைய நண்பர்கள் இருந்த மெக்சிகோதான் மிச்சம்.

அவர் போன நேரமும் நல்ல நேரம். 1917ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பெரும் பண்ணைகளைப் பிரித்து ஊர்ப்பொதுவாக உழவருக்குக் கொடுக்க வழி செய்திருந்தது. நிலம் கிடைத்தவர்களுக்கு நல்ல விதையும் வேளாண் அறிவும் தேவைப்பட்டன. முன்னாள் அதிபர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த சாப்பிங்கோ பண்ணைக்கு தேசிய வேளாண் பள்ளி இடம் மாறியது 1924இல். அதே ஆண்டு மெக்சிகோ வந்த கான்கோஜே அந்தப் பள்ளியில் ஆசிரியரானார். மனிதனைச் சுரண்டாமல் மண்ணிலிருந்து பயன் எடுக்கக் கற்றுக்கொடுப்பதே அந்தப் பள்ளியின் முழக்கம். அவருக்காகவே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

மக்காச்சோளத்துல அப்படி என்ன கண்டுபிடிச்சார்?

முதலில் ஒரு விஷயம். மக்காச்சோளத்தின் தாய்நாடே மெக்சிகோதான். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து உழவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் இது. தியோசிந்தே செடி புதராகக் கிளைக்கும், கதிர்கள் நிறைய வரும், ஆனால் ஒவ்வொரு கதிரிலும் கல் போன்ற ஓட்டுக்குள் சில மணிகள் மட்டும். மக்காச்சோளமோ ஒற்றைத் தண்டு, ஒன்றிரண்டு கதிர், கதிருக்கு நூற்றுக்கணக்கான மணி. இரண்டும் இன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. காட்டுச்செடியின் தாங்கும் சக்தியையும் பல கதிர் விடும் குணத்தையும் பயிருக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார் கான்கோஜே. அந்தக் கலப்பினத்துக்குத் தியோ-மக்காச்சோளம் என்று பெயர். கதிர் ஒரே தண்டாக இல்லாமல் விரல் விரலாகப் பிரியும் ‘மாதுளை மக்காச்சோளம்’ பற்றியும் அவர் தனி நூல் வெளியிட்டிருக்கிறார்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் உழைப்பு புரியும். மக்காச்சோளத்தில் ஆண்பூ உச்சியில், பெண்பூ தண்டின் நடுவே கணுவில். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்குப் போகும் வழி. காற்றில் எந்தச் செடியின் மகரந்தம் வேண்டுமானாலும் வந்து ஒட்டிவிடும். அதனால் இழை வெளியே வருமுன் கதிரை உறைபோட்டு மூட வேண்டும். நாம் தேர்ந்த ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, சரியான நாளில் உறையைத் திறந்து தூவி, மறுபடி மூட வேண்டும். இதைச் செடி செடியாகச் செய்து, எதன் பிள்ளை எது என்று குறித்து வைத்து, அடுத்த பருவத்தில் விதைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முடிவு தெரியப் பல பருவம் ஆகும். மக்காச்சோளம் தவிர கோதுமை, பருப்பு வகைகள், ரப்பர் ஆகியவற்றிலும் ஆய்வு செய்தார். பனியையும் வறட்சியையும் தாங்கும் ரகங்கள் அவருடைய முக்கியமான அக்கறை.

இலவச வேளாண் பள்ளிகள் நடத்தினார்னு சொல்றாங்களே, அது என்ன?

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாப்பிங்கோவில் படிக்க எல்லா உழவர் பிள்ளைகளாலும் வர முடியாது, உழவர்கள் வரவே முடியாது. அதனால் பள்ளியைக் கிராமத்துக்கே கொண்டுபோனார். 1920களின் கடைசியில் உழவர் சங்கத் தோழர்களோடு சேர்ந்து மெக்சிகோ நகரைச் சுற்றியிருந்த கிராமங்களில் கட்டணமில்லா வேளாண் பள்ளிகளைத் தொடங்கினார். அதில் ஒன்றுக்கு உழவர் தலைவர் எமிலியானோ சபாட்டாவின் பெயர். “நிலமும் விடுதலையும்” என்ற முழக்கத்தோடு நினைக்கப்படும் சபாட்டா 1919இல்தான் சூழ்ச்சியால் கொல்லப்பட்டிருந்தார், ஊர்மக்கள் மனதில் காயம் ஆறவில்லை. அந்தப் பெயரைப் பள்ளிக்கு வைத்தது உழவருக்கு இது உங்கள் இடம் என்று சொன்ன மாதிரி.

இந்தப் பள்ளிகளையும் அவருடைய மக்காச்சோளச் செடிகளையும் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் டீனா மொதோட்டி படம் பிடித்திருக்கிறார். 1930இல் அவரை மெக்சிகோ நாடு கடத்தியது. எடுத்த படங்கள் தங்கிவிட்டன.

டியேகோ ரிவேரா ஓவியத்துல இருக்கறது இவர்தானா?

ரிவேரா மெக்சிகோவின் மாபெரும் சுவரோவியர். கான்கோஜே சாப்பிங்கோவில் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் ரிவேரா அதே வளாகத்தில் பழைய சிற்றாலயச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்தார். இருவருக்கும் நட்பு உண்டு. நீங்கள் கேட்கும் ஓவியம் தலைநகரின் கல்வி அமைச்சகக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரு மேசையைச் சுற்றி மக்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறார். அந்த மனிதர் கான்கோஜே என்று அடையாளம் காட்டுகிறார்கள், அவர் குடும்பத்தாரும் அப்படியே சொல்கிறார்கள்.

பசுமைப் புரட்சியோட உண்மையான தந்தை இவர்தான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்தச் செய்தியை அனுப்பியவரின் ஆர்வம் புரிகிறது, ஆனால் அது சரியில்லை. இந்தியாவில் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டது அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமை. ராக்பெல்லர் அறக்கட்டளையும் மெக்சிகோ அரசும் 1943இல் தொடங்கிய திட்டத்தில் போர்லாக் 1944இல் சேர்ந்தார். குட்டைத்தன்மை வந்தது ஜப்பானின் நோரின் 10 என்ற ரகத்திலிருந்து. நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963இல் போர்லாக் இந்தியா வந்தார், 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தது. இந்த வரிசையில் கான்கோஜேயின் ரகங்கள் இல்லை.

ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் திட்டத்தின் சோதனை வயல்கள் சாப்பிங்கோவிலும் இருந்தன. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இறங்குவதற்கு இருபது ஆண்டு முன்பே அங்கே பயிர் மேம்பாட்டைப் பாடமாக நடத்தி, மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர்களில் கான்கோஜே ஒருவர். மெக்சிகோவின் வேளாண் ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் என்று சொல்லுங்கள், அது உண்மை. இன்னொரு வித்தியாசமும் முக்கியம். போர்லாக்கின் ரகங்கள் பாசனமும் உரமும் கிடைக்கிற இடத்தில்தான் முழுப் பலன் தந்தன. கான்கோஜே மனதில் வைத்திருந்தது மழையை நம்பி, கையில் காசில்லாமல் விதைக்கிற உழவரை. அவருக்கு இல்லாத பட்டத்தைக் கொடுத்தால் அவர் உண்மையாகச் செய்தது மறைந்துபோகும்.

இந்தியத் தூதரா இருந்தாரா?

அரசுப் பதவியில் இல்லை. இந்தியாவும் மெக்சிகோவும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1950இல்தான். அதற்கு இருபத்தாறு ஆண்டு முன்பே அங்கே போனவர் இவர். இரண்டு நாடுகளுக்கும் இடையே அரசு எதுவும் பேசத் தொடங்காத காலத்தில், மெக்சிகோ உழவர்களுக்கும் மாணவர்களுக்கும் தெரிந்த இந்திய முகங்களில் ஒன்று அவருடையது.

1947லயே சுதந்திரம் வந்துடுச்சே, ஏன் 1955 வரைக்கும் வரல?

இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். பிரிட்டிஷ் அரசு தயாரித்த தடைப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆட்சி மாறியது, பட்டியல் உடனே மாறவில்லை. யாருடைய விடுதலைக்காக நாட்டைவிட்டுப் போனாரோ அந்த நாடு விடுதலை பெற்ற பிறகும் அவருக்கு விசா மறுக்கப்பட்டது. பிறகுதான் தடை நீங்கியது.

அதற்குள் அவருக்கு மெக்சிகோவில் குடும்பம் இருந்தது. 1936இல் பெல்ஜியம் நாட்டுப் பெண்ணான ஜான் சிந்திக்கை மணந்திருந்தார். சாவித்திரி, மாயா என்று இரண்டு மகள்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெளியே வாழ்ந்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு குடும்பத்தோடு நாக்பூர் வந்தார்.

துப்பாக்கியை விட்டுட்டு விதையை எடுத்தார்னா, மனசு மாறிட்டார்னுதானே அர்த்தம்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே பஞ்சத்தைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஆயுதப் பயிற்சி எடுத்த அதே ஆண்டுகளில்தான் வேளாண்மையும் படித்தார். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகவில்லை. பசியில்லாத உழவர் என்ற ஒரே எண்ணத்துக்கு முதலில் அந்நிய ஆட்சி தடையாக இருந்தது, அதை எதிர்த்தார். அந்தக் கதவு அவருக்கு அடைபட்டபோது, நிலம் கைக்கு வந்திருந்த இன்னொரு நாட்டு உழவர்களிடம் போய் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இத்தனை பெரிய ஆளை நம்ம பாடப்புத்தகத்துல ஏன் காணோம்?

கதர் கட்சிக்கே பாடநூல்களில் சில வரிகள்தான். அதிலும் தூக்கில் ஏறியவர்களின் பெயர்கள் முன்னால் வருகின்றன, அது வேண்டியதுதான். தப்பிப் பிழைத்து, வேறு நாட்டில், வேறு மொழியில் உழைத்தவர் எந்தப் பாடத்திலும் அடங்குவதில்லை. அவர் வேளாண் எழுத்துகள் ஸ்பானிஷில் இருக்கின்றன. மகள் சாவித்திரி சாஹ்னி எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் இந்தியாவில் பலருக்கும் விவரம் தெரிந்தது.

அவர் நினைவா இன்னைக்கு என்ன இருக்கு?

2022 செப்டம்பரில் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா சாப்பிங்கோ பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை திறந்துவைத்தார். அவர் பாடம் நடத்திய அந்தத் தேசிய வேளாண் பள்ளிதான் இப்போது பல்கலைக்கழகம். மெக்சிகோ நகரத்துக்கு வேலையாகப் போகிறவர்கள் கல்வி அமைச்சகக் கட்டடத்து ஓவியத்தையும், சாப்பிங்கோவில் ரிவேரா வரைந்த சிற்றாலயத்தையும் சேர்த்தே பார்த்துவிட்டு வரலாம். சாப்பிங்கோ, தலைநகருக்குக் கிழக்கே டெக்ஸ்கோகோ ஊர்ப் பக்கம் இருக்கிறது.